புல்தரையை எடுத்தாச்சு, எந்தக் காட்டு பக்வீட் வைக்கலாம்?

வீட்டு முன்னால் 500 சதுர அடிக்குப் புல்தரை. அதை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடி வைப்பது என்று முடிவாகிவிட்டது. என்ன செடி வைப்பது? லாஸ் வேகஸில் எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நான் எப்போதும் சொல்வது காட்டு பக்வீட். ஆனால் ‘பக்வீட்’ என்று மட்டும் சொல்லி ஒருவரை நர்சரிக்கு அனுப்பினால், பொருந்தாத செடியோடு அவர் வீடு திரும்ப நிறைய வாய்ப்பு உண்டு. எனக்கே அது நடந்திருக்கிறது. அதனால்தான் எந்த முற்றத்துக்கு எது என்று ஒருமுறை விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம். பெயரில் ‘வீட்’ இருந்தாலும் கோதுமைக்கும் இதற்கும் உறவில்லை. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்தின்போது சமைக்கும் குட்டு மாவு இருக்கிறதே, அதுதான் தானிய பக்வீட். அதன் தூரத்துச் சொந்தம் இந்தக் காட்டுச் செடி. நம் ஊர் சுக்கான்கீரையும் இதே குடும்பம்தான். தாவரவியல் பெயர் எரியோகோனம். கிரேக்க மொழியில் எரியோன் என்றால் கம்பளி, கோனு என்றால் முழங்கால். தண்டின் கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் மயிர் இருப்பதால் வந்த பெயர். தமிழில் ‘கம்பளிக்கணு’ என்று சொன்னால் அப்படியே பொருந்தும். ஏறக்குறைய 250 இனங்கள் இருக்கின்றன, அத்தனையும் வட அமெரிக்காவுக்கே உரியவை. கடற்கரை மணல்மேட்டிலிருந்து மலையுச்சி வரை, சுண்ணாம்பு மண், களிமண், ஜிப்சம் படிந்த மண் என்று ஒவ்வொன்றும் தனக்கென்று ஓரிடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்தக் கடைசி வரியில்தான் தேர்வின் சூட்சுமமே இருக்கிறது. நாம் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிரித்துப் பார்த்துப் பழகியவர்கள். பக்வீட் வாங்கும்போதும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். நெய்தல் பக்வீட்டைப் பாலையில் வைத்தால் பிழைக்காது. குறிஞ்சிப் பக்வீட்டும் அப்படித்தான்.

தண்ணீர்க் கணக்கு

இந்த ஊருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 4 அங்குல மழைதான். குடிநீரில் 90 சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து, ஹூவர் அணைக்குப் பின்னால் தேங்கும் லேக் மீட் ஏரி வழியாக வருகிறது. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் செலவாகும் தண்ணீரைச் சுத்திகரித்து ஏரிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். முற்றத்தில் ஊற்றிய தண்ணீர் திரும்புவதில்லை, வெயிலோடு போய்விடும். ஊர் முழுக்கப் புல்லை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தெற்கு நெவாடா நீர் ஆணையம் 2005இல் வெளியிட்ட ஆய்வில், புல்தரைக்குச் சதுர அடிக்கு ஆண்டுக்கு 73 கேலன் தண்ணீர் போனது, வறட்சிச் செடிகள் வைத்த இடத்துக்கு 17 கேலன் போதுமாக இருந்தது. மிச்சம் ஏறக்குறைய 56 கேலன். 500 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 28,000 கேலன், அதாவது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். சென்னையில் 12,000 லிட்டர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்குச் சொல்வதானால், ஒன்பது லாரித் தண்ணீர். ஒரு சின்ன முற்றம் ஒரு வருடத்தில் குடித்தது அவ்வளவு!

புல்லை எடுப்பதற்கு ஆணையம் சதுர அடிக் கணக்கில் பணமும் தருகிறது. தொகை அவ்வப்போது மாறும், ஆனால் இரண்டு விதிகளை மறக்கவே கூடாது. ஒன்று, புல் உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பித்து, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஆர்வத்தில் முதலில் வெட்டிவிட்டால் பணம் கிடைக்காது. இரண்டு, புதிதாக வைக்கும் செடிகள் முழுதாக வளர்ந்த பின் அந்த இடத்தில் பாதியையாவது மூட வேண்டும். வெறும் சரளைக்கல்லைக் கொட்டிவிட்டு விடமுடியாது. இது நல்ல விதி. வெறும் கல் பரப்பிய முற்றம் ராத்திரி முழுக்க வீட்டுக்குள் சூட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பாதி மூடும் விதி, எந்த பக்வீட் என்ற கேள்வியையும் தொடுகிறது. 500 சதுர அடியில் பாதி 250. நான்கு அடி விரியும் புதர் ஏறக்குறைய 12.5 சதுர அடியை மூடும், அப்படியானால் 20 செடி போதும். மூன்று அடி விரிவதானால் 35 செடி வேண்டும். இரண்டு அடிதான் விரியும் என்றால் 80 செடி! ஒவ்வொரு செடிக்கும் ஒரு குழி, ஒரு சொட்டுநீர் முனை, முதல் வருடம் ஒரு முயல் வேலி. பூவின் நிறத்தைப் பார்த்து மயங்கும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுவிடுங்கள். ஆணையத்தின் செடிப் பட்டியலில் உள்ள விரிவளவை வைத்துத்தான் அவர்களும் கணக்கிடுவார்கள்.

கலிஃபோர்னியா பக்வீட்: ஒரே பெயர், வேறு வேறு செடிகள்

நர்சரிகளில் அதிகம் கிடைப்பது கலிஃபோர்னியா பக்வீட், எரியோகோனம் ஃபாசிகுலாட்டம். குட்டையான புதர். ஊசிபோல் மெல்லிய இலைகள் கொத்துக்கொத்தாகத் தண்டில் ஒட்டியிருக்கும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சின்னப் பூக்கள் பந்துபந்தாகப் பூக்கும். வாடிய பின்னும் உதிராமல், துரு நிறத்தில் மாதக்கணக்கில் செடியிலேயே நிற்கும். எனக்கு அந்தத் துரு நிறம்தான் பிடிக்கும். நவம்பர் மாலை வெயிலில் செடி முழுக்கச் செம்பு பூசினாற்போல் இருக்கும்.

கலிஃபோர்னியாவில் தேனீ வளர்ப்பவர்களுக்கு இது முக்கியமான செடி. இதிலிருந்து அடர்ந்த நிறத்தில் தேன் வருகிறது. அந்தப் பக்கத்துப் பழங்குடியினரான கவ்வீயா மக்கள் இதன் இலையைக் கஷாயமாகக் காய்ச்சித் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் குடித்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இந்த ஒரே இனத்துக்குள் கடற்கரை வகை, உள்நாட்டுக் குன்றுகளின் வகை, பாலைவன வகை என்று தனித்தனியாக இருக்கின்றன. சட்டியில் செருகிய அட்டையிலோ ‘கலிஃபோர்னியா பக்வீட்’ என்று மட்டும்தான் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

இங்கே குடிவந்த இரண்டாம் வருடம் நான் வாங்கிய ஆறு செடிகள் தரையோடு படர்ந்து பார்க்க அழகாக இருந்தன. ‘வறட்சி தாங்கும், முழு வெயில்’ என்று அட்டை சொன்னது. ஏப்ரலில் நட்டேன். மே மாதம் வரை பச்சைப்பசேலென்று இருந்தது. ஜூன் கடைசியில் ஓரம் கருகத் தொடங்கியதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தினமும் ஊற்றினேன். ஜூலையில் ஐந்து செத்துவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருந்தது. ஊருக்குப் போன் பேசும்போது சொன்னேன். “மழையையே நம்பி நிக்கிற செடிக்குத் தினமும் தண்ணி ஊத்துனா அது என்னப்பா பண்ணும்?” என்று அம்மா கேட்டார். இதுவரை எனக்குக் கிடைத்த தோட்டப் பாடங்களில் அதுவே பெரியது.

பிறகுதான் விசாரித்தேன். நான் வாங்கியது கடற்கரை வகையிலிருந்து தேர்ந்தெடுத்து, தரையோடு படர்வதற்காகப் பெருக்கிய செடி. ‘வாரினர் லைட்டில்’, ‘டானா பாயின்ட்’ போன்ற பெயர்களில் விற்பவை அந்த மாதிரிதான். சான் டியாகோ, ஆரஞ்சு கவுண்டிப் பக்கம் சரிவுகளில் ஒன்றரை அடி உயரத்தில் பாய் விரித்ததுபோல் பரவும். அங்கே அவை அருமையான செடிகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் கடல்மூட்டம், பகலில் 80 டிகிரி ஃபாரன்ஹீட் என்ற ஊரில் பிறந்த செடி அது. இங்கே 2024 ஜூலை 7 அன்று 120 டிகிரி, செல்சியஸில் ஏறக்குறைய 49.

பாலைவன வகைக்குப் பாலிஃபோலியம் என்று பெயர். மொஹாவே பாலைவனம் முழுக்க, லாஸ் வேகஸைச் சுற்றியுள்ள கற்சரிவுகள் வரை இயல்பாக வளர்வது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். அட்டையைப் பார்க்காதீர்கள், இலையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். கடற்கரை வகையில் மேல்பக்கம் பளிச்சென்று பச்சையாக, வழுவழுப்பாக இருக்கும். பாலைவன வகையில் இரண்டு பக்கமும் மயிர் அடர்ந்து, சாம்பல் தூவியதுபோல் மங்கிய நிறத்தில் இருக்கும். உள்நாட்டு வகை இரண்டுக்கும் நடுவில்.

அந்தச் சாம்பல் நிறம்தான் செடியின் குடை. மயிர்கள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன, இலையை ஒட்டி ஓடும் காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன. இலையின் ஓரங்கள் கீழ்ப்பக்கம் சுருண்டிருப்பதால், செடி மூச்சுவிடும் துளைகளில் நேரடிக் காற்றுப் படாது, ஈரம் மெதுவாகத்தான் போகும். உயரம் குறைவு, வேர் ஆழம். இதையெல்லாம் பார்த்த பின், நர்சரியில் பச்சையான செடியை விட்டுவிட்டு நரைத்த செடியை எடுக்கத் தயங்க மாட்டீர்கள்.

முற்றத்தில் பாலிஃபோலியம் இரண்டு, மூன்று அடி உயரமும் மூன்று, நான்கு அடி அகலமும் வரும். அதாவது 500 சதுர அடிக்கு 20இலிருந்து 35 செடி. வசந்தத்தில் பெரிய பூப்பு, பிறகு மழையைப் பொறுத்து அங்கங்கே கொஞ்சம். குறை என்று பார்த்தால் இரண்டு. பூக்கும் காலத்தில் தேனீக்கள் மொய்க்கும், ஆகவே வாசல்படியை ஒட்டியும் குழந்தைகள் ஓடும் பாதையோரமும் வேண்டாம். இன்னொன்று, கோடை உச்சத்தில் இது பச்சையாகவே இருக்காது. காய்ந்துபோனதோ என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். பச்சை முற்றம்தான் வேண்டும் என்று வீட்டில் ஒருவர் பிடிவாதமாக இருந்தால், நடுவதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

தெற்குக் கலிஃபோர்னியாவில் மலையடிவாரத்தில் வீடு இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்ந்த பூக்கொத்துகளோடு நிற்கும் இந்தப் புதர் சீக்கிரம் தீப்பிடிக்கும். சுவரிலிருந்து முதல் 5 அடிக்குள் எதையும் வைக்காதீர்கள், மற்ற இடத்திலும் புதருக்குப் புதர் இடைவெளி விடுங்கள்.

ரைட் பக்வீட்

நாலு பேருக்குத் தெரியாமல் இருக்கும் நல்ல செடி இது. 1850களில் அமெரிக்க-மெக்சிகோ எல்லை அளவைக் குழுவோடு சென்று செடிகள் சேகரித்த சார்லஸ் ரைட்டின் பெயரில் எரியோகோனம் ரைட்டியை என்று வைத்தார்கள். அரிசோனாவின் காய்ந்த குன்றுகளிலும் மொஹாவேயின் கிழக்குப் பகுதியிலும் வளர்வது. ஒன்றரை அடி உயரம், வெள்ளி நிறத்தில் சிறிய இலை, மெல்லிய விளார்போன்ற தண்டுகள்.

இதன் தனிச்சிறப்பு பூக்கும் காலம். மற்றவை முடித்துக்கொண்ட பிறகு, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை வெள்ளையும் வெளிர்சிவப்புமாகப் பூக்கும். கோடை முழுக்க எதுவும் கிடைக்காத வண்டுக்கும் பட்டாம்பூச்சிக்கும் அந்த நேரத்தில் இதுதான் சோறு. மார்மன் மெட்டல்மார்க் என்று ஒரு பட்டாம்பூச்சி, காவியும் கறுப்பும் வெள்ளையும் புள்ளிபுள்ளியாக, கட்டைவிரல் நக அளவைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் புழு பக்வீட் இலையைத்தான் தின்னும். செப்டம்பரில் ஒருநாள் காலை என் வீட்டுச் செடியில் அது வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, வேலைக்குக் கிளம்பியவன் அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆனால் இடத்தை மூடும் கணக்கில் இது பலவீனம். இரண்டு அடிதான் விரியும். முழு முற்றத்துக்கும் இதையே வைப்பது வீண்செலவு. பாலிஃபோலியம் புதர்களுக்கு நடுவே எட்டோ பத்தோ வைத்தால், வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று பூ தொடரும். காட்டில் மானும் மாடும் விரும்பி மேய்வது. முயல் அதிகமுள்ள பகுதியில் முதல் இரண்டு வருடம் கம்பிவலை கட்டாயம்.

கந்தக மஞ்சள்

அழகுப் போட்டி வைத்தால் இதற்குத்தான் முதல் பரிசு. கந்தக நிறத்தில் மஞ்சள் பூக்கள் குடை விரித்தாற்போல் நிற்கும், வாட வாட ஆரஞ்சாகி, செம்பழுப்பாகும். குளிர்காலத்தில் இலையும் சிவந்துவிடும். எரியோகோனம் அம்பெல்லாட்டம், வழக்கில் சல்ஃபர் பக்வீட். பெரும்பாலும் ஓர் அடிக்கு மேல் உயராது. மேற்கு அமெரிக்காவின் மலைகள் நெடுக 40க்கு மேற்பட்ட வகைகள். எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள ஸ்பிரிங் மலைத்தொடரிலும் இருக்கிறது.

அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘நம்ம மலையிலேயே வளருதே’ என்று வாங்கிவந்து பள்ளத்தாக்கின் தரையில் நடுகிறார்கள். மலையும் தரையும் பக்கத்தில் இருக்கலாம், தட்பவெப்பம் ஒன்றல்ல. லாஸ் வேகஸ் தரைமட்டம் கடலிலிருந்து ஏறக்குறைய 2,000 அடி. சார்ல்ஸ்டன் சிகரமோ 11,916 அடி. ஏற்காட்டில் விளைகிறது என்று மிளகைச் சேலம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நட்டால் எப்படி இருக்கும்! மதில்சுவர் திருப்பி அடிக்கும் சூட்டில் சல்ஃபர் பக்வீட் வெந்துவிடும். வீட்டின் கிழக்குப் பக்கம், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் ஒன்றிரண்டு வைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

ரீனோ, டென்வர், ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற உயரமான ஊர்களில் இருக்கும் தமிழர்கள் மேலே படித்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு நேராக இதைத்தான் வாங்க வேண்டும். அங்கே குளிர், பனி, காய்ந்த கோடை மூன்றையும் தாங்கும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகமும் டென்வர் தாவரவியல் பூங்காவும் சேர்ந்து நடத்தும் ‘பிளான்ட் செலக்ட்’ திட்டத்தில் ‘கன்னா கிரீக்’ என்று தேர்ந்தெடுத்த வகை கிடைக்கிறது.

டெசர்ட் டிரம்பெட் பற்றியும் கேட்பார்கள். பாலைவனச் சாலையோரத்தில், தண்டின் நடுவே ஊதிப் பெருத்து, குழல்போல் நிற்கும் விநோதமான செடி. எரியோகோனம் இன்ஃப்ளாட்டம். புதர் அல்ல, சட்டியில் வைத்து நடுவதற்கும் ஒத்துவராது. அக்டோபரில் விதையை இடைவெளிகளில் தூவிவிட்டு மறந்துவிடுங்கள். வந்தால் சந்தோஷம்.

யாருடைய விதை என்பது ஏன் முக்கியம்

‘எல்லாமே பக்வீட்தானே, எதையோ வைத்துவிட்டுப் போவோம்’ என்பவர்களுக்கு லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கு அருகே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஓடுதளத்துக்கு மேற்கே, கடலை ஒட்டி எல் செகுண்டோ மணல்மேடுகள் இருக்கின்றன. அங்கே எல் செகுண்டோ நீலம் என்று ஒரு சின்னஞ்சிறு பட்டாம்பூச்சி. கடற்கரை பக்வீட் (கலிஃபோர்னியா பக்வீட்டின் கடற்கரை வகை அல்ல, இது வேறு இனம்) என்ற ஒரே செடிதான் அதற்கு எல்லாம். அந்தப் பூவிலேயே தேன் குடித்து, அதிலேயே முட்டையிட்டு, புழு அந்தப் பூவையும் விதையையும் தின்று, செடியடி மண்ணில் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். பட்டாம்பூச்சியாக வெளிவந்த பின் அதன் ஆயுள் சில நாட்களே. அந்தச் சில நாட்களும் செடி பூக்கும் நாட்களோடு பொருந்த வேண்டும். 1976இல் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையில் உள்ள உயிராக அறிவித்தது.

அதற்கு முந்தைய வருடம்தான், மணல் பறக்காமல் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், நாம் மேலே பார்த்த கலிஃபோர்னியா பக்வீட்டை அந்த மேடுகளில் விதைத்திருந்தார்கள். அதுவும் பக்வீட்தான், அதே மாநிலத்துச் செடிதான். ஆனால் அது முன்னதாகப் பூத்துவிடும். அந்த முன்பூப்பில் வேறு பூச்சிகள் பெருகின. கடற்கரை பக்வீட் பூக்கும் நேரத்தில் அந்தப் பூச்சிகளின் புழுக்கள் நீலப் பட்டாம்பூச்சியின் சாப்பாட்டுக்குப் போட்டியாக வந்து நின்றன. பிறகு வெளிச்செடியைப் பிடுங்கி, உரிய செடியை நட்டு வளர்த்ததும் பட்டாம்பூச்சி மீண்டும் ஆயிரக்கணக்கில் பெருகியது.

ஒரே பேரினம், சில வாரப் பூப்பு வித்தியாசம், அவ்வளவுதான். எங்கள் பள்ளத்தாக்கிலும் பக்வீட்டையே நம்பி வாழும் நீலப் பட்டாம்பூச்சிகள் உண்டு. பாலைவன விளிம்பில் வீடு இருந்தால், உங்கள் முற்றத்து மகரந்தம் வேலி தாண்டி வெளியே நிற்கும் காட்டுச் செடிக்குப் போகும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “விதை எங்கிருந்து எடுத்தது?” பதில் தெரியாத கடையில் நான் பக்வீட் வாங்குவதில்லை.

வாங்கக் கூடாதவை, தோண்டக் கூடாதவை

எரியோகோனம் கோரிம்போசம் இனத்தில் லாஸ் வேகஸ் பக்வீட் என்றே ஒரு வகை இருக்கிறது. ஜிப்சம் மண்ணில் நான்கு அடி வரை வளர்ந்து, கோடை முடியும்போது பொன்மஞ்சளாகப் பூக்கும். ஊர் பெருகப் பெருக அதன் நிலம் வீடுகளாகிவிட்டது. இந்த ஊரின் பெயரைச் சுமக்கும் செடியை முற்றத்தில் வைக்க எனக்கும் ஆசைதான். முறையாக வளர்த்து விற்பவரிடம் கிடைத்தால் வாங்குங்கள். காட்டிலிருந்து ஒரு குச்சிகூட ஒடிக்க வேண்டாம்.

அதைவிட அரியவை இருக்கின்றன. கொலராடோவின் டெல்டா, மான்ட்ரோஸ் மாவட்டங்களின் களிமண்ணில் மட்டும் வளரும் ஒரு குட்டைப் புதர் 1984 முதல் பாதுகாப்பில் இருக்கிறது. நெவாடாவின் எஸ்மரால்டா மாவட்டத்தில் ரயோலைட் ரிட்ஜ் என்ற முகட்டில், மொத்தம் 10 ஏக்கர் அளவுக்குள், டீம் பக்வீட். உலகத்தில் வேறெங்கும் இல்லை. அந்த மண்ணில்தான் லித்தியமும் போரானும் இருக்கின்றன. மின்கார் பேட்டரிக்கு லித்தியம் வேண்டும், செடிக்கும் அந்த மண்தான் வேண்டும். 2022 டிசம்பரில் அதை அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தார்கள். 2024 அக்டோபரில் சுரங்கத் திட்டத்துக்கும் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ‘அப்போ நாம வீட்டுல வச்சுக் காப்பாத்தலாமே’ என்று ஒரு நண்பர் நல்ல மனதோடு கேட்டார். அந்த மண்ணோடு கட்டுண்ட செடியை முற்றத்தில் காப்பாற்ற முடியாது. அதற்கு அதன் முகடு வேண்டும்.

மற்ற தேர்வுகள்

செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் வேண்டாம்தான். ஆனால் ஜூலை மதியத்தில் அதன்மேல் வெறுங்காலை வைக்க முடியாது, ஒரு பூச்சியும் அண்டாது. லாண்டானாவை எல்லாக் கடையிலும் பிரமாதமாக விற்கிறார்கள், கோடை முழுக்கப் பூக்கும். நம் ஊரில் அது உண்ணிச்செடி. முதுமலைக் காட்டுக்குள் அது நுழைந்து யானைக்கும் மானுக்கும் புல்லில்லாமல் செய்திருப்பதைப் பார்த்தவன் என்பதால், இங்கே பனியில் அது கருகிவிடும் என்று தெரிந்தாலும் காசு கொடுத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு பக்வீட்டைவிட அதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். அரளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

நடும் முறை

எந்த வகையானாலும் அக்டோபர், நவம்பரில் நடுங்கள். என்னைப்போல் ஏப்ரலில் நட்டால் வேர் இறங்கும் முன் கோடை வந்துவிடும். ஐந்து கேலன் சட்டியைவிட ஒரு கேலன் சட்டிச் செடி மேல். வேர் சுற்றிக்கொள்ளாமல் நேராக இறங்கும், விலையும் குறைவு.

எங்கள் மண்ணில் கலீச்சி என்ற சுண்ணாம்புப் பாறை அடுக்கு கையெட்டும் ஆழத்திலேயே குறுக்கே படுத்திருக்கும். குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலை பாருங்கள். தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம், அல்லது மண்ணைக் குவித்து மேடாக்கி நடுங்கள். எருவோ உரமோ போட வேண்டாம். கொழுத்து வளர்ந்த பக்வீட் சீக்கிரம் சாகும். செடியடியில் மரத்தூளும் வேண்டாம், சரளைக்கல் போதும்.

முதல் குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர், முதல் கோடையில் மண் காய்ந்த பிறகு மறுபடி. இரண்டாம் வருடத்திலிருந்து கோடையில் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் மழை பார்த்துக்கொள்ளும். இலை கருகினால் முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் குழாயைத் திறக்காதீர்கள்.

தானியங்கி நீர்ப்பாசனப் பெட்டியில் பக்வீட்டுக்குத் தனி வால்வு இருக்க வேண்டும். மரங்களோடு அதே வரிசையில் இணைத்தால் மரத்துக்கு வேண்டிய தண்ணீரில் இது அழுகும். பூக்கொத்துகளைப் பறவைகள் விதை பொறுக்கி முடித்த பின், குளிர்கால இறுதியில் மேலாகக் கத்தரித்தால் போதும். முற்றிய கட்டைத்தண்டு வரை வெட்டினால் மறுபடி துளிர்க்காமல் போய்விடலாம்.

என் முற்றத்தில் இப்போது இருப்பது பாலிஃபோலியம் பதினெட்டு, ரைட் ஒன்பது, நடுவில் நிழலுக்கு ஒரு பாலைவன வில்லோ மரம். அந்த மரத்தின் விரிவையும் சேர்த்தே பாதி மூடும் கணக்கு நேரானது. முதலில் வாங்கிய ஆறில் பிழைத்த அந்த ஒரு கடற்கரைச் செடி, வீட்டின் வடகிழக்கு மூலையில், மதியத்துக்குள் நிழல் விழும் இடத்தில் இன்னும் இருக்கிறது. அதைப் பிடுங்க மனமில்லை, ஆனால் அதன் பூக்கொத்துகளை விதை பிடிக்கும் முன் கிள்ளிவிடுகிறேன். பக்கவாட்டில் மதிலோரம் 60 சதுர அடி இன்னும் வெறும் கல்லாகக் கிடக்கிறது. இந்த அக்டோபரில் அங்கே ரைட் பக்வீட் நாலு வைத்து, இடையில் டெசர்ட் டிரம்பெட் விதை தூவப்போகிறேன்.